பெயின்ட்டுக்கு முன்னால்...

பழைய காரைப் புதுசாக்க முதலில் என்ன செய்வீர்கள்? பெயின்ட்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, "பளபளன்னு ஆக்கிடுங்க" என்றேன்.

அவர் காருக்கு அடியில் படுத்து, துருவேறிய பிரேக் பைப்பைக் காட்டினார். ரப்பர் ஹோஸை மடக்கியதும் வெடிப்பு தெரிந்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. வயசு!

"பிரேக் ஆயில் எப்ப சார் மாத்தினீங்க?"

விழித்தேன். பேச்சுக்குத்தான் அது ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ள உறிஞ்சும் திரவம். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தால், 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. அந்தக் காரில்தான் தினமும் மகளை ஸ்கூலில் விடுகிறேன்.

பைப், ஹோஸ் எல்லாம் மாற்றி, டாட் 4 ஊற்றினார். "டாட் 5 சிலிக்கான் சார், இதோட சேராது. மூடியில என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடுங்க."

"அப்ப பெயின்ட்?"

"அடுத்த மாசம். இது சிந்தினா பெயின்ட்டையே உரிச்சிடும்!"

பி.காமில் தேய்மானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் வண்டியில் எப்போது மாற்றினீர்கள்?