மலைவழியிற் சிறுவருடன்

சென்ற மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை வைகறையில், திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பின்வாயிலருகே இருபத்திரண்டு சிறுவர் சிறுமியர் யான் வருமுன்னரே வந்து காத்திருந்தனர். யாவரும் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணாக்கர். கந்தாசிரமம் வரையில் அவர்களை அழைத்துச் சென்று மரங்களையும் புட்களையும் காட்டுதல் தொண்டர் மூவரின் பணி. அம்மூவருள் யானும் ஒருவன். நம் கல்லூரியில் தாவர நூல் பயின்றவன் என்னும் செருக்குச் சிறிது உண்டு. கற்றதை ஒப்பிக்க இதனினும் எளிய அவை வாய்க்குமோ என்றெண்ணிப் புறப்பட்டேன்.

உசிலை மரத்தடியில் அச்செருக்குக்கு முதலடி விழுந்தது. யான் அதன் லத்தீன் பெயரை நினைவுகூருமுன், “எங்கள் ஆயா தலைக்குத் தேய்க்கும் அரப்பு இதுதான், அண்ணா” என்றாள் ஒரு சிறுமி. வெட்பாலைக் காய்கள் வெடித்துப் பஞ்சு சூழ்ந்த விதைகள் பறந்துகொண்டிருந்தன. அவற்றைத் துரத்துவதிலேயே அரைமணி நேரம் கழிந்தது. யான் தடுக்கவில்லை.

ரமணர் 1916ஆம் ஆண்டில் விரூபாட்சக் குகையை விட்டுக் கந்தாசிரமம் சென்றார். 1922இல் அடிவாரத்திற்கு இறங்கினார். பிற்காலத்தே இம்மலை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகிப் பெரும்பாலும் மொட்டையாயிற்று. 1980களின் இறுதி முதல் தொண்டர் பலர் மழைக்காலந்தோறும் நாற்று நட்டு வளர்த்ததன் பயனே இன்றைய நிழல். ஆயினும் ஆளுயரம் வளரும் எலுமிச்சம்புல் கோடையிற் காய்ந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். பல்லாண்டு உழைப்பு ஒரு பிற்பகலிற் சாம்பலாகும்.

அத்தகைய கருகிய சரிவொன்று எதிர்ப்பட்டது. நட்ட கன்றுகள் கரிக்குச்சிகளாய் நின்றன. உடனே யான், தீ வைப்போர் மலைக்குப் பகைவர் என உரத்துப் பேசத் தொடங்கினேன்.

“நாங்கள்தான் கொளுத்துவோம்” என்றான் பின்வரிசையில் ஒரு சிறுவன். “முற்றின புல்லை ஆடு தின்னாது. கொளுத்தினால்தான் இளம்புல் வரும்.”

அவன் குரலில் அச்சமுமில்லை, நாணமுமில்லை. ஏனையோர் என் முகத்தை நோக்கினர். அவன் கையிலிருந்த குறிப்பேடும் ஆடு விற்ற காசில் வாங்கியதாயிருக்கலாம் என்று தோன்றியது, பேச்சு அடங்கிற்று.

எம்முடன் வந்த மூத்த தொண்டரான அம்மையார் அவனைக் கடியவில்லை. “தீ எப்படிப் போகும் தம்பி, காட்டு” என்றார். அவன் முன்வந்து காட்டினான். சரிவில் தீ மேல்நோக்கியே விரையும்; வெறும்பாறையைக் கண்டால் நின்றுவிடும். அதோ, அவ்விரு பாறைகட்கும் இடையில் புல்லறுத்துவிட்டால் அப்பாற் செல்லாது. எந்நூலிலும் யான் இத்துணைத் தெளிவாகப் படித்ததில்லை.

பின்பு அவனே வினவினான்: “அப்படியானால் ஆட்டுக்கு என்ன செய்வது?”

எம்மூவரிடத்தும் விடையில்லை.

அடுத்த வாரம் அவன் காட்டிய பாறைகட்கிடையே தீத்தடுப்புக் கோடு வெட்டினோம். பிற்பகல் வரையில் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது மேற்சரிவில் அவன் தன் ஆடுகளுடன் நின்று எம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.