சுவர் இல்லாத இடத்தில் பேஸ்

பேஸ் பாக்ஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்குள்ளேயே கேட்டுப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்கு நாலு சுவரும் ஒரு கான்கிரீட் கூரையும் உண்டு. அங்கே எந்தப் பெட்டியும் நெஞ்சை அதிர வைக்கும். அதே பெட்டியைக் கண்மாய்க்கரைப் பொட்டலில் இறக்கி, அதே ஆம்பில் அதே பாட்டைப் போட்டால், வாங்கியவர் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்படுவார். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அறைக்குள் அது சுவரில் மோதித் திரும்பி வந்து தானும் சேர்ந்துகொள்ளும். வெட்டவெளியில் போனது போனதுதான். தரை ஒன்றுதான் துணை. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் கழியும். 5 மீட்டரில் 110 காட்டுகிற பெட்டி, 40 மீட்டர் தள்ளிப் பெண்கள் பாய் விரித்து உட்காரும் இடத்தில் 92தான் காட்டும்.

மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுவது என் தொழில். எங்கள் ஆட்கள் ஸ்பீக்கரை ஒப்பிட்டுப் பேசினால் வாட்ஸில் தொடங்கி வாட்ஸில்தான் முடிப்பார்கள். விழாக் கமிட்டியும் "எத்தனை வாட்ஸ் கொண்டு வர்றீங்க?" என்றுதான் கேட்கும். வாட்ஸ் என்பது பெட்டி எவ்வளவு தின்னும் என்ற கணக்கு. எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்காமல், எத்தனை கட்டு வைக்கோல் தின்னும் என்று கேட்டு மாடு பிடிக்கிறவர் உண்டா? கேட்க வேண்டியது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதை. அந்தக் கணக்கில் பழைய கூம்புக் குழாய் 106 வரைகூடக் கொடுக்கும். கோன் நேராகக் காற்றைத் தள்ளுகிற 18 இன்ச் பெட்டி 96 பக்கம் நிற்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு பவர். புளியமரத்தில் கட்டிய இரண்டு குழாயும் ஒரு சின்ன ஆம்பும் ஊர் முழுக்கக் கேட்டதற்கு வேறு மாயம் எதுவுமில்லை.

குழாயை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வசனத்துக்கும் அறிவிப்புக்கும் அதன் கணீர்க் குரலுக்கு இணையில்லை. மார்கழி விடியலில் பக்கத்து ஊர்க் கோயில் பாட்டு வீட்டுக்குள் வந்து கேட்டதற்குக் குழாய் பாதிக் காரணம். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று, மேலே போகிற ஒலியைக் கீழ்நோக்கி வளைத்துக் கொடுப்பது மீதிக் காரணம். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாயில் பெரிதாக ஒன்றும் வராது. தவிலின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. இப்போது போலீஸ் அனுமதிக் கடிதங்களிலேயே கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று எழுதிவிடுவதால் அந்த வழக்கும் அத்தோடு முடிந்தது.

பெட்டிக்கு வருவோம். பேஸில் என் கைக்கு வந்தவை முக்கியமாக இரண்டு சாதி. முன்பக்கம் ஓட்டை வைத்த போர்ட் பெட்டி ஒன்று. உள்ளே பலகைகளால் ஹாரனை மடித்து வைத்த பெட்டி இன்னொன்று. போர்ட் பெட்டி அளவில் சின்னது, ஒற்றையாக வைத்தாலும் ஆழமாக இறங்கும். ஓட்டை எந்தச் சுரத்துக்கு அமைந்திருக்கிறதோ அதற்குக் கீழே மட்டும் கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. லோ கட் போடாமல் விட்டால் கோன் வெளியே துள்ளிக் கிழியும். ஹாரன் பெட்டி அதே பவரில் கூடுதல் சத்தம் தரும், தூரத்துக்கும் அடிக்கும். ஆனால் அதன் வாய் பெரிதாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெட்டியின் வாய் ஆழ்ந்த சுரத்துக்குப் போதாது. நாலு பெட்டியை ஒட்டி அடுக்கினால்தான் அந்த வாய் உருவாகும். கல்யாண மண்டப வாசலுக்கு ஒரே ஒரு ஹாரன் பேஸ் கொண்டுபோகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டையும் ஒப்பிடுவது என்றால் பொட்டலில்தான் ஒப்பிடுவேன். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். பிங்க் நாய்ஸைப் போட்டு, 10 மீட்டரில் மீட்டரைத் தரையில் வைத்து, சி வெயிட்டிங்கில் அளந்து, ஒரு டெசிபலுக்குள் கொண்டு வருவேன். ஒரு டெசிபல் கூடினாலே காது அந்தப் பெட்டியை "நல்ல பெட்டி" என்று சொல்லிவிடும். பிறகு பையனை ஆம்ப் பக்கம் நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்துபோய், முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அவன் சொல்லக் கூடாது.

போடுவது இரண்டு. இளையராஜா பாட்டு ஒன்று. பேஸ் கிட்டார் படியிறங்கி வரும்போது ஒவ்வொரு படியும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். அதைவிடக் கடுமையான பரீட்சை உருமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அது 'ம்ம்ம்ஊம்' என்று வழுக்கிக்கொண்டே போகும், எந்தச் சுரத்திலும் நிற்காது. போர்ட் சரியாக அமையாத பெட்டியில் அந்த வழுக்கல் காணாமல் போய், எங்கே தேய்த்தாலும் ஒரே 'உம்' வரும். கூட்டம் அதையும் "நல்லா அதிருது" என்றுதான் சொல்லும். அடிக்கிற உருமிக்காரருக்குத் தெரியும்.

இந்தப் பரீட்சையை இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும். முழு வேகத்தில் ஓடினால் வாய்ஸ் காயிலின் சூடு 200 டிகிரி வரைகூட ஏறும். அந்தச் சூட்டில் தாமிரத்தின் மின்தடை சுமார் 1.7 மடங்காகும். எட்டு மணிக்கு அடித்த பேஸ் பத்து மணிக்கு அடிக்காதது அதனால்தான். ஆள் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், காயில் இன்னும் சூடாகும். ஆரம்பத்தில் சமமாக நின்ற இரண்டு பெட்டிகளில் ஒன்று அங்கே பின்தங்கும். சித்திரை மாதத்தில் இது விலைப்பட்டியலைவிட முக்கியமான தகவல்.

இவ்வளவு செய்து நல்ல பெட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதை வைக்கிற இடத்தில் எல்லாம் பாழாகலாம். இந்த இடத்தில் எனக்கும் கமிட்டிகளுக்கும் தீராத வழக்கு உண்டு. மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு கோபுரம், அந்தப் பக்கம் ஒரு கோபுரம் என்று அடுக்கினால்தான் அவர்களுக்குப் பார்வையாக இருக்கும். பேஸுக்கு அது கெடுதல். இடமும் வலமும் பன்னிரண்டு மீட்டர் விலகி நின்றால், நடுக்கோட்டில் இரண்டும் சேர்ந்து இடிக்கும். கொஞ்சம் விலகி நிற்பவருக்கு ஒரு பெட்டியின் ஒலி பாதி அலை பிந்தி வந்து மற்றதை அழிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குப் பாதி அலை என்பது மூன்று மீட்டருக்கும் குறைவு. நடந்து பார்த்தால் பேஸ் உள்ள சந்து, பேஸ் இல்லாத சந்து என்று பொட்டலே வரிவரியாகத் தெரியும். எல்லாவற்றையும் மேடைக்கு முன்னால் நடுவில், தரையில், ஒட்டி வைத்தால் அந்தச் சந்துகள் மறையும். ஒரு பேஸோடு இன்னொன்றை ஒட்டி, அதற்கும் அதே பவர் கொடுத்தால் 6 டெசிபல் கூடும். ஒரே பெட்டிக்குப் பவரை இரட்டித்தால் 3தான். அந்த நடு இடத்தில்தான் முக்கியஸ்தர்களின் சோபாவையும் வாழைமரத்தையும் வைப்பார்கள்.

மேடைக்குப் பின்னால் வீடுகள் இருந்தால் மூன்றில் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, போலாரிட்டியை மாற்றி, சில மில்லி செகண்ட் டிலே கொடுப்பேன். நன்றாக அமைந்தால் பின்னால் 10 டெசிபல் வரை குறையும், மேடையில் தவில் மைக் ஊளையிடுவதும் அடங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று இருப்பது ஏ வெயிட்டிங் கணக்கு. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபல் குறைத்தே காட்டப்படும். மீட்டர் கண்டுகொள்ளாத பேஸில் பின்வீட்டுத் தகரக் கூரை நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் சொல்வதைத்தான் நான் கேட்பேன்.

பேஸுக்கு மேலே உள்ள சுரங்களைப் பாடுகிற டாப் பெட்டி பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1992-இல் பிரான்சில் எல்-அக்கூஸ்டிக்ஸ் கொண்டுவந்த வி-டாஸ்க் என்ற லைன் அரே பெரிய மைதானங்களின் கதையை மாற்றியது உண்மை. அதைப் பார்த்து நாலு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டு 'லைன் அரே' என்று வாடகை கூட்டுவது வேறு கதை. ஒன்றேகால் மீட்டர் நீளத் தொங்கலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தப் பிடியும் கிடையாது. நாற்பது மீட்டர் பொட்டலுக்கு நல்ல டாப் இரண்டைத் தலைக்கு மேலே ஏற்றிக் கடைசி வரிசையைப் பார்க்கச் சாய்த்தால் போதும். ஹாரன் பேஸோடு சேர்க்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடிப்புக்குள் ஒலி இரண்டு மீட்டர் நடந்துவிட்டு வருகிறது. அதனால் டாப்பை 6 மில்லி செகண்ட் போலப் பிந்த வைக்காவிட்டால், கிராஸ் ஓவர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும்.

ஒயரைப் பற்றிய சந்தேகமும் முழுக்கத் தப்பில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30 மீட்டர் இழுத்தால் போக வர 0.7 ஓம். 4 ஓம் பேஸுக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஏறக்குறைய 15 சதவீதம் வழியிலேயே போய்விடும். ஆம்பைப் பேஸ் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வள்ளி திருமணம் நாடகத்துக்கு நான் பேஸே ஏற்றுவதில்லை, இரண்டு டாப் போதும். நாதஸ்வரக் கச்சேரிக்கு இரண்டு பேஸ், அதுவும் தவில் மைக்குக்கு மட்டும். ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் வண்டி ஏற்றும் முன் கமிட்டித் தலைவருக்கு போன் போட்டு, மேடைக்கு முன்னால் நடுவில் இடம் விடுவீங்களாண்ணே என்று கேட்பேன். விடுகிறோம் என்றால் குட்டி யானையில் நாலு பேஸ் ஏறும். சோபா போடணும் தம்பி என்றால் ஆறு. வாடகையும் அதற்குத் தக்கபடிதான்.