கொத்தனாருக்குக் கடுக்காய்

கொத்தனார் கடுக்காய் கொடுப்பார் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'நாளைக்கு ஏழு மணிக்கு டாண்ணு வந்துடறேன் சார்' என்பார். அடுத்த அமாவாசைக்கு வந்து நிற்பார். ஆனால், கொத்தனாருக்கே கடுக்காய் கொடுத்தவன் உண்டா? உண்டு சார், அடியேன்தான். அதுவும் நாட்டு மருந்துக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கி!

அரியலூரில் எங்களுக்கு ஒரு பழைய வீடு. தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், பின்கட்டு என்று ரயில் மாதிரி நீளமாகப் போகும். பாத்ரூம் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல, பின்கட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கக்கூஸும் அதிலேயே. மழையோ, இருட்டோ, எழுபத்து நாலு வயசு அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு மூன்று படி இறங்கித்தான் போக வேண்டும்.

இதைப் பற்றி அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன்.

"வேணாம்ப்பா. ஆறு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல."

"ஏம்மா, டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்குடா சொல்லணும்? குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணும்ல..."

மறுவாரமே ஆபீஸ் சொசைட்டியில் லோனுக்கு எழுதிப் போட்டேன்.

முதலில் வந்தவர் ஓர் இளம் மேஸ்திரி. சுவரை விரலால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. "மொத்தத்தையும் இடிச்சுட்டு சிமென்ட்ல எழுப்பிடலாம் சார். மேலே வரைக்கும் பளபளன்னு டைல்ஸ். நம்ம ஊர்ல சிமென்ட்டுக்கா பஞ்சம்?" என்றார். வாஸ்தவம். அரியலூரில் சிமென்ட் லாரிக்கு ஒதுங்கி நின்றே பாதி ஆயுள் போய்விடும். ஆனால் அவர் போட்ட எஸ்டிமேட்டில் பாத்ரூமோடு வீட்டின் பின்பாதியும் போகிறதாக இருந்தது.

இரண்டாவதாக, பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சுவரைத் தட்டவில்லை. முகர்ந்து பார்த்தார்!

"தம்பி, இது சுண்ணாம்புச் சுவர். ஈரத்தைக் குடிக்கும், அப்புறம் மூச்சா வெளியே விட்டுடும். இதுக்கு மேல யாரோ மூணடிக்கு சிமென்ட் பூசியிருக்காங்க. நல்லா வேர்க்கிற ஆளுக்கு ரெயின்கோட் மாட்டிவிட்ட மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் எங்கே போகும்? மேலே ஏறி உப்பாப் பூக்குது."

பூசியது அப்பா. அவர் போட்டோவை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

பெரியவர் கொடுத்த லிஸ்ட் பலசரக்குக் கடை லிஸ்ட் மாதிரி இருந்தது. சுண்ணாம்பு, மணல், சலித்த செங்கல் தூள், வெல்லம், கடுக்காய். கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, வடிகட்டிய நீரை விட்டுக் காரை குழைக்க வேண்டும். செங்கல் தூள் சேர்ந்தால் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகுமாம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடல். ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முந்தைய கடல். கிளிஞ்சலும் நத்தையும் இங்கே இன்றைக்கும் கல்லாகவே கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். தண்ணீர் விட்டு நீற்றி, சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகும். கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கிற ஒரே இடம் இதுதான்!

ஆனால் அவசரம் கூடாது. சிமென்ட் ராத்திரிக்குள் இறுகிவிடும். சுண்ணாம்பு நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி... நகர்வதே தெரியாது, ஆனால் ஒரு நாள் முடிந்திருக்கும். தினம் சாக்கை நனைத்துப் போர்த்தி வைக்க வேண்டும். மூன்று முறை லீவை நீட்டித்தேன். "பாத்ரூம் கட்டறீங்களா, பிரகதீஸ்வரர் கோயில் கட்டறீங்களா?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.

பெரியவர் சிமென்ட்டுக்கு விரோதி இல்லை. தரைக்கு சிமென்ட்தான். மேலே சொரசொரப்பான டைல்ஸ். நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வாட்டம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தது போதாதென்று, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது ஜாலியில் போய் விழுகிறதா என்றும் பார்த்தார். குழாயைப் பழைய சுவரிலிருந்து எடுத்து, எதிரே புதிதாக எழுப்பிய சிமென்ட் சுவருக்கு மாற்றினார். தண்ணீர் தெறிக்கிற அந்தப் பக்கம் மட்டும் நாலடிக்கு டைல்ஸ். உட்கார வெஸ்டர்ன், பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கம்பி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்கட்டுச் சுவரை உடைத்து வீட்டுக்குள்ளிருந்தே ஒரு வாசல். படி கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். "உள்ளே யாராச்சும் விழுந்துட்டா, உள்பக்கம் தள்ளற கதவு அவங்க மேலேயே முட்டி நிக்கும் தம்பி" என்றார். இதெல்லாம் எந்த டைல்ஸ் ஷோரூமிலும் சொல்லவில்லை.

வீட்டுக்குள்ளே கக்கூஸா என்று அம்மாதான் இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள், எதிர்வீட்டு அத்தையைக் கூட்டி வந்து கம்பியைப் பிடித்து உட்கார்ந்து, எழுந்து டெமான்ஸ்ட்ரேஷன் காட்டிக்கொண்டிருந்தாள்!

உங்களுக்கும் ஊரில் ஒரு பழைய வீடும், அதில் வயசான ஒரு ஜீவனும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதோடு வைத்துவிடாதீர்கள். "ராத்திரியில தண்ணி குடிக்கிறியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சரியில்லை என்றால், சொசைட்டி லோன் பாரம் செக்‌ஷனிலேயே கிடைக்கும்.