ஈரம் அளக்காமல் இழுத்துப் பார்க்கிறவர்கள்

ஓய்வு பெற்றுத் தஞ்சோங் மாலிமில் உட்கார்ந்த பிறகும் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். மரவள்ளி மாவில் பிளாஸ்டிக் செய்கிறோம், உடைந்துபோகிறது அங்கிள், என்ன போடலாம் என்று கேட்கிறார்கள். அண்மையில் ஒரு கண்காட்சியில் ஒரு தம்பி, "கஞ்சி காய்ச்சுற வேலைதானே இது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டான். முதலில் ரப்பர் கலவை, பிறகு மாவுக் கலவை என்று வாழ்நாளைக் கொடுத்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

முதலில், மாவை இளக்கச் சேர்க்கும் கிளிசரின். நூறு பங்கு உலர்ந்த மாவுக்கு 30 பங்கு. இது எல்லாரும் சொல்லும் கணக்கு. ஆனால் பையில் வரும் மாவில் 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் தண்ணீர் இருக்கும். அதைக் கழிக்காமல் நிறுத்தால், 30 என்று எழுதிவிட்டு 34 போட்டிருப்பீர்கள். அளவைக் கண்டபடி குறைத்தாலும் வம்புதான். மிகக் கொஞ்சமாகப் போட்ட கிளிசரின், மாவிலிருந்து வார்த்த ஃபிலிமை இளக்குவதற்குப் பதிலாக விறைக்க வைக்கும். போதாததற்கு, மாவிலுள்ள அமைலோஸ் நாளடைவில் திரும்ப இறுகி ஃபிலிமை இன்னும் விறைக்க வைக்கும்.

அடுத்தது ஃபில்லர், அதாவது கலவையில் சேர்க்கும் நிரப்புத் தூள். பேராக்கில் அதற்குப் பஞ்சமே இல்லை. பீடோர், தாப்பா பக்கம் கயோலின் களிமண், சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் தூள். ஆனால் பிளாஸ்டிக் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புத் தூளில் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் பூசியிருக்கும். அது தண்ணீரில் நனையாமல் மேலே மிதக்கும். மாவுக்குப் பூசாத தூள்தான் வேண்டும். காணொளி பார்த்து வினிகர் ஊற்றிவிட்டு, அதில் சுண்ணாம்பையும் கொட்டுகிறார்கள். பொங்கி வரும் கார்பன் டை ஆக்சைடு ஃபிலிம் முழுக்கக் குமிழியாக நிற்கிறது. பிறகு மாவு சரியில்லை என்று பழி.

ஃபில்லரை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரப்பர் மில்லில் நின்ற ஒரு பெரியவர். இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பர் சுற்றிக்கொண்டிருக்கும். கரித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார், கத்தியால் கீறி மடித்து மறுபடி உள்ளே விடுவார். கடைசியில் ஒரு துண்டை நறுக்கி, வெட்டுமுகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஒரு புள்ளி தெரிந்தாலும், "இன்னொரு தடவை போடு தம்பி" என்பார். மேலாளர் பின்னால் நின்று மணி பார்த்தாலும் அதே சொல்தான். தூள் பிரியாத அந்தப் புள்ளியில்தான் கிழிசல் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டியதில்லை.

மாவுக்கும் அதே முறையைத்தான் நான் கையாண்டேன். கயோலினை முதலில் தண்ணீரில் இரவு முழுக்கக் கலக்கவிட்டு, மெல்லிய சல்லடையில் வடித்து, அதன் பிறகே கிளிசரின், அதற்குப் பிறகே மாவு. சூடு 70 டிகிரியை நெருங்கும்போது பால்போல் இருந்தது கெட்டிப்படும், கரண்டி கனக்கும். அப்போது உலர்ந்த தூளைக் கொட்டினால் எந்தக் கலக்கியாலும் அதைப் பிரிக்க முடியாது. நன்றாகப் பிரிந்த 3 பங்கு, கட்டி தட்டிய 10 பங்கைவிட மேல். தகடு தகடான கயோலின் நீராவியைச் சுற்றிப்போக வைக்கிறது. கட்டியாய்க் கிடந்தால் அது எப்படி நடக்கும்?

ஆனால் என்னை ஆட்டிவைத்தது ஈரம். மலையடிவாரத்து ஊர் இது. மத்தியானம் மழை பிடித்தால் கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, ஃபிலிம் துவண்டு விரலில் ஒட்டும். அதே ஃபிலிம் குளிர்சாதன அறையில் சடசடக்கும். தண்ணீரும் மாவை இளக்குகிற பொருள்தானே. அதனால் ஃபிலிமை, மக்னீசியம் நைட்ரேட் நிறைகரைசல் வைத்த மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைத்தால், 25 டிகிரியில் ஈரப்பதம் 53 சதவீதத்தில் நிற்கும். அதற்குப் பிறகு ஃபிலிமை இழுத்து அறுத்துப் பார்த்தால்தான் வருகிற வலிமை எண்ணுக்கு அர்த்தம். இன்று அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு இழுக்கிறார்கள். வலிமை கூடுதலாக வரும், சுவரொட்டியில் போடுவார்கள், பரிசும் கிடைக்கும். மழைநாளில் அதே பையில் நாசி லெமாக் கட்டிக்கொடுத்துப் பார்க்கட்டும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்டத்தை மலேசிய அரசு 2018இல் வெளியிட்டது. அதன் பிறகு பாலிதீனில் கொஞ்சம் மாவைக் கலந்து 'இயற்கைப் பை' என்று விற்பவர்களுக்கு நல்ல காலம். மண்ணில் மாவு மட்டும் மக்கும், பாலிதீன் துணுக்காய்க் கிடக்கும். வாங்குகிறவர் நம்பித்தான் வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்காகத்தான், என்னிடம் வருகிற பிள்ளைகளின் சோதனை அட்டவணையில் நான் முதலில் தேடுவது ஈரப்பதம் எழுதிய கட்டத்தை. அது இல்லாவிட்டால் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, பெட்டி எப்படிச் செய்வது என்று கேட்கிறவர்களும் உண்டு.