இடைவெளியும் ஒரு பாரமே

நெடுஞ்சாலையில் கனத்த லாரியொன்றின் பின்னால் செல்ல நேர்கையில் நாம் தன்னியல்பாகவே சற்றுப் பின்தங்குகிறோம். அது நம் உயிரச்சம். அந்த அச்சம் பாலங்களையும் காத்து வந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2018 ஜூன் முதல் 2019 ஜனவரி வரை ஜெர்மனியில் மியூனிக், நூரெம்பெர்க் நகரங்களுக்கிடையே எம்.ஏ.என்., டிபி ஷெங்கர் நிறுவனங்கள் ஒரு சோதனை நடத்தின. மின்னணு இணைப்பால் பிணைக்கப்பட்ட இரு லாரிகள் 15 முதல் 21 மீட்டர் இடைவெளியில் ஓடின. அங்கே நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் லாரிகளுக்குச் சட்டம் விதிப்பது குறைந்தது 50 மீட்டர். நெருங்கி ஓடியதால் காற்றின் எதிர்ப்பு குறைந்து, 3 முதல் 4 சதவீத எரிபொருள் மிஞ்சியது.

சிறு பாலங்களுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. அவற்றின் மேல் எப்படியும் ஒரு வண்டிக்கே இடம். தூண்கள் பலவற்றின் மேல் தொடர்ந்து நீளும் பாலங்களின் கதை வேறு. தூணின் இருபுறமும் ஒரே கணத்தில் பாரம் ஏறினால், தூணுக்கு நேர்மேலே உத்தரத்தின் மேற்பகுதி கடுமையாக இழுபடுகிறது. அமெரிக்கப் பால வடிவமைப்பு விதிகள் இதற்காகவே, குறைந்தது 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு லாரிகளை நிறுத்திக் கணக்கிடச் சொல்கின்றன. மூன்று, நான்கு வண்டிகள் ஒரே கயிற்றில் கோத்தாற்போல் வந்தால்? எப்போதோ நேரக்கூடியதாக இருந்தது அன்றாட நிகழ்ச்சியாகிவிடும். எல்லாம் ஒன்றாகப் பிரேக் பிடித்தால், பாலத்தின் நீளவாக்கில் விழும் தள்ளுவிசையும் ஒன்றாகவே சேரும். ஒவ்வொரு கடத்தலும் எஃகின் ஆயுளில் சிறிது தின்றுவிட்டே போகும்.

அதே ஜெர்மனியில், பழைய பாலங்கள் சிலவற்றில் லாரிகள் கூடுதல் இடைவெளி விட வேண்டுமென்று பலகை வைக்கிறார்கள். முதுமைக்கு அளிக்கும் சலுகை அது. 2021 டிசம்பரில் லூடன்ஷைட் அருகே ராமெடே பாலம் திடீரென மூடப்பட்டது. 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்குக் காரணம் இத்தகைய லாரித்தொடர்கள் அல்ல. ஆனால் ஒரு பாலம் ஓய்ந்தால் யார் துன்புறுவர் என்பதை அந்நகரத்தார் அறிவர். நெடுஞ்சாலையின் லாரிகள் அவர்கள் தெருக்களுக்குள் திரும்பின.

இடைவெளியைக் குறுக்கிய கருவியாலேயே, பாலம் வருமுன் அதை விரிக்கவும் முடியும். சிறிது எரிபொருள் செலவாகும், அவ்வளவே. அந்தச் செலவை ஏற்க மறுத்தால், மிச்சம் வண்டிக்காரருக்கும் தேய்மானம் பாலத்துக்கும் என்றாகும். பாலம் நம் பொதுச்சொத்து. அதன் கணக்கும் நம்முடையதுதான்.