மூன்றாவது சிலிண்டர்

பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். நாலில் ஒன்று படுத்தாலும் வண்டி ஓடும். சிக்னலில் நிற்கும்போதுதான் ஸ்டியரிங்கிலிருந்து சீட் வரை குலுங்கும். மயிலாப்பூரில் இருக்கும் என் மாமாவின் ஏழு சீட் எஸ்யூவிக்கு இதுதான் வந்தது. அடையாறு திரு.வி.க. பாலத்தில் பிக்கப் விழுந்து, எஞ்சின் விளக்கு மினுக்கியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. மினுக்கினால் கிடையாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடக்கூடும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள்: பி0303. கூடவே நீளமான எஸ்டிமேட். நாலு காயில், நாலு இன்ஜெக்டர் என்று போனது. "வித்துடலாமாடா?" என்றார் மாமா. அத்தையை வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு, வீல்சேரோடு, கூட்டிப்போகும் வண்டி அது.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அவ்வளவுதான். நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டுக்கு அரைச்சுற்றுக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். அது வராதபோது வேகம் துளி குறையும். சென்சார் அதைப் பிடிக்கும். அது யாருடைய முறை என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரஷன் இல்லையா என்று அதற்குத் தெரியாது. நான் ஆபீஸில் தினமும் பார்க்கும் எர்ரர் லாகும் இப்படித்தான்.

மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அம்பாசிடர் காலத்து ஆள். அப்போதெல்லாம் ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்களாம். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்த சிலிண்டர். "ஸ்கேனர் வீட்டு நம்பரச் சொல்லிடுச்சு தம்பி. உள்ள யாருக்கு உடம்பு சரியில்லன்னு நாமதான் போய்ப் பாக்கணும்" என்றார்.

மூன்றாவது காயிலை ஒன்றாவதிலும் ஒன்றாவதை மூன்றிலும் போட்டார். கோடை அழித்துவிட்டு ஓட்டினோம். மறுபடி பி0303. அப்படியென்றால் காயில் நல்ல காயில். அடுத்து அந்த இரண்டு பிளக்குகளை இடம் மாற்றினார். இப்போது பி0301. நோய் பிளக்கோடு நகர்ந்திருந்தது. காயிலையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றியிருந்தாலும் கோட் நகர்ந்திருக்கும். எதனால் என்பது தெரிந்திருக்காது.

அந்தப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல், அதையொட்டிக் கரிக்கோடு. மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியில் இறங்கியிருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு பிளக்கும் காயில் ரப்பர்களும் வாங்கினோம். எல்லாப் பிளக்குக்கும் ஒரே வயசு என்பதால் நாலையும் மாற்றினார். மறுநாளே அத்தை அதில் போனார்.

எஸ்டிமேட்டில் பிளக் இருந்ததா என்று மாமா தேடினார். இருந்தது, கடைசி வரியில். அங்கே விட்டிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கும். மூணு நல்ல பிளக்கோடு நாலு நல்ல காயிலும் நாலு நல்ல இன்ஜெக்டரும் குப்பைக்குப் போயிருக்கும்.