ஹெலன் பேயாக வேண்டியதில்லை

நைட் டூட்டியில சிரிச்சுக்கிட்டே படிச்ச நாவல் 'மை ப்ளெய்ன் ஜேன்' (2018). சார்லட் ப்ரான்டே 1847-ல் எழுதின 'ஜேன் அயர்' கதையையே பேய்க் காமெடியா மாத்தி, டீன் ஏஜ் பிள்ளைகளுக்காக மூணு பேர் சேர்ந்து எழுதினது. மூலக்கதையில காசநோயால சாகுற தோழி ஹெலன், இதுல பேயா ஜேன் கூடவே சுத்துவா.

ஆனா நிஜ ஹெலன், சார்லட்டோட அக்கா மரியா. 1825-ல் காசநோயில் இறந்தப்ப வயசு 11. அடுத்த மாசமே இன்னொரு அக்கா எலிசபெத்.

அன்னிக்கு மருந்தே இல்லீங்க. இன்னிக்கு இருக்கு, இலவசமா. இருமல் நின்னதும் ரெண்டே மாசத்துல மாத்திரைய விட்டுட்டு, மறுபடி வார்டுக்கு வந்த பிளஸ் ஒன் பொண்ணுகிட்ட இந்தக் கதையச் சொன்னேன்.

"நான் பேயாக மாட்டேன் சார்"னு சிரிச்சுக்கிட்டே மாத்திரைய முழுங்குனா. இன்னும் ஆறு மாசம் முழுங்கணும். நீங்களும் பாதியில விட்டுடாதீங்க மக்களே.